பின்தொட்டியில் ஒரு பட்டறை

அமெரிக்காவில் கார் மெக்கானிக்குகளிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புலம்பல் கட்டாயம் காதில் விழும். "எல்லாம் இருக்கு, 10 மி.மீ. சாக்கெட்டை மட்டும் காணோம்." பேட்டரி முனை, ஏர் ஃபில்டர் மூடி, பம்பரின் உள்பக்கம் என்று இன்றைய கார்களில் எங்கே கை வைத்தாலும் 10 மி.மீ. தலை கொண்ட போல்ட்தான் கண்ணில் படும். அதிகம் புழங்கும் சாமான் அதிகம் தொலைகிறது. பெரும்பாலும் அதை யாரும் திருடுவதில்லை. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில், சுருண்ட கயிற்றுக்கும் காலி சிமெண்ட் பைக்கும் அடியில், ஏதோ ஒரு மூலையில் அது கிடக்கும். தேடும் நேரத்தில் மட்டும் கிடைக்காது.

பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், வேலி அடிப்பவர், ஏசி பழுது பார்ப்பவர் என்று அங்கே தனியாகவோ ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டோ தொழில் செய்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குக் கடை, பட்டறை, குடோன் மூன்றும் அந்த ஒரே வண்டிதான். நம் ஊர் குட்டி யானை சரக்கு ஏற்றி இறக்கப் பிறந்தது. அமெரிக்க பிக்கப்போ காலையில் ஆளையும் சாமானையும் வேலைக்குக் கொண்டுபோய், மாலையில் குடும்பத்தைக் கடைக்கு அழைத்துப்போகிறது. இரண்டு வேலைக்கும் நடுவே தொட்டியில் கிடக்கும் கருவிகளை என்ன செய்வது என்பதுதான் நூறாண்டாக அந்த வண்டியோடு வரும் சிக்கல். அதற்குக் கிடைத்த விடை, கேபினுக்குப் பின்னால் பளபளவென்று குறுக்கே உட்கார்ந்திருக்கும் டூல்ஸ் பெட்டி.

திறந்த தொட்டி வந்த கதை

ஆரம்ப காலத்தில் விவசாயிகள் ஃபோர்டின் மாடல் டி காரின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி அடித்து மாட்டிக்கொண்டார்கள். இதைக் கவனித்த ஃபோர்டு நிறுவனம், 1925 ஏப்ரல் 15 அன்று தொழிற்சாலையிலேயே தொட்டி பொருத்திய மாடல் டி வண்டியை அறிமுகம் செய்தது. விலை 281 டாலர். தொட்டியின் நீளம் 56 அங்குலம், அதாவது ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். முதல் ஆண்டிலேயே 30,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

அதன் பிறகு தொட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்றைய முழு அளவு பிக்கப்பில் தொட்டியின் நீளம் ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. இரு சக்கர வளைவுகளுக்கும் இடையே நான்கு அடிக்குச் சற்று அதிகமான அகலம் விடுவார்கள். நான்குக்கு எட்டு அடி பிளைவுட் பலகையைப் படுக்க வைக்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது. பலகைக்கும் மணலுக்கும் அது தோதான இடம். ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் அல்ல. பெரிய தொட்டியில் போட்ட சிறிய சாமான் பிரேக் போட்டால் முன்னே ஓடும், ஏற்றத்தில் பின்னே உருளும், மழையில் நனையும், சிக்னலில் நிற்கும்போது களவும் போகும்.

டெலிபோன் கம்பெனிகளும் மின் வாரியங்களும் இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தன. தொட்டியை எடுத்துவிட்டு, இருபுறமும் கதவு வைத்த அலமாரிகள் கொண்ட முழு 'சர்வீஸ் பாடி'யைக் கட்டிக்கொண்டார்கள். இல்லினாய் மாநிலம் குயின்சி நகரில் 1848ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய நாப்பைட் நிறுவனம் இன்றும் இந்த பாடி கட்டும் தொழிலில் இருக்கிறது. ஆனால் அப்படிக் கட்டிய வண்டியில் பிளைவுட் ஏற்ற இடம் குறுகிவிடும், செலவும் அதிகம். ஒற்றை ஆள் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. இருக்கும் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு பெட்டியை மாட்டுவதுதான் அவருக்குத் தோது.

பெட்டிகளில் எத்தனை வகை

அதிகம் பார்க்கக் கிடைப்பது குறுக்குப் பெட்டி. தொட்டியின் இரு பக்கச் சுவர்களின் மேல் உட்கார்ந்து, கேபினை ஒட்டிக் குறுக்கே நிற்கும். முழு அளவு வண்டிக்கு ஏறக்குறைய 70 அங்குல நீளம், 20 அங்குல அகலம். ஓட்டை போடாமல், கொக்கி போல வளைந்த போல்ட்டுகளால் தொட்டிச் சுவரின் விளிம்பைப் பிடித்து இறுக்கிவிடலாம். அடியில் காலி இடம் விட்டு நிற்பதால் நீளமான குழாயையும் பலகையையும் அதற்குக் கீழே நுழைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டுப் பெட்டி சுவரின் மேலேயே நீளவாக்கில் ஓடும். ஏணி, மண்வெட்டி ஏற்றுபவர்களுக்கு நடுவிடம் காலியாகக் கிடைக்கும். தொட்டித் தரையில் வைக்கும் பேழைப் பெட்டி ஆழமானது, மலிவானது. ஆனால் குனிந்து குடைந்து எடுக்க வேண்டும். அண்மைக் காலத்தில் இழுப்பறைகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த டெக்ட் நிறுவனத்தின் அமைப்பில், தொட்டித் தரை முழுவதையும் இரண்டு நீள இழுப்பறைகள் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் சுமார் 90 கிலோ தாங்கும். மேல் மூடியின் மீது சுமார் 900 கிலோ வரை சரக்கு ஏற்றலாம். பின்கதவைத் திறந்து இழுத்தால் சாமான் இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். முட்டி தேய்ந்த ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாளுக்கு முப்பது தடவை தொட்டியில் ஏறி இறங்கியவர்கள் அறிவார்கள்.

கார் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஹோண்டா ரிட்ஜ்லைன் 2005ல் தொட்டித் தரைக்கு அடியிலேயே பூட்டும் அறையோடு வந்தது. தண்ணீர் வெளியேற அடியில் அடைப்பான் வைத்த துளையும் உண்டு. அதில் ஒரே ஒரு தொல்லை. தொட்டியில் மண் ஏற்றிவிட்டால் அதற்கு அடியில் உள்ள மூடியைத் திறக்க முடியாது. 2009 மாடல் டாட்ஜ் ராம் வண்டியில், தொட்டியின் பக்கச் சுவருக்குள்ளேயே விளக்கு வைத்த பெட்டியை அமைத்து அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள். 2022ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டின் மின்சார எஃப்-150 லைட்னிங்கில் எஞ்சினுக்கு வேலை இல்லாததால், அந்த இடமே 400 லிட்டர் கொள்ளளவுள்ள பூட்டும் அறையானது. அதனுள்ளேயே பிளக் பாயிண்டும் உண்டு.

தனியாக வாங்கும் பெட்டிகளில் அலுமினியத்துக்குத்தான் கிராக்கி. அதன் மேல் வைர வடிவில் புடைப்புகள் இருக்கும். நம் பட்டறைகளில் செக்கர்டு பிளேட் என்று சொல்லும் அதே தகடு. ஒரே அளவுத் துண்டை எடுத்தால் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். துருவும் பிடிக்காது. இரும்புப் பெட்டி கடப்பாரைக்கு அதிகம் ஈடுகொடுக்கும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கிவிடும். பெட்டியும் தொட்டியும் வெவ்வேறு உலோகமாக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. 2015 மாடல் முதல் ஃபோர்டு எஃப்-150ன் பாடி அலுமினியம். அதன் மேல் இரும்புப் பெட்டி நேரடியாக உரசி, பெயிண்ட் பெயர்ந்து, மழைநீரும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். இடையில் ஒரு ரப்பர் பட்டை வைத்தாலே இதைத் தவிர்க்கலாம்.

எது எங்கே

பெட்டி வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், தொட்டியில் கிடந்த குப்பையை அப்படியே அள்ளிப் பெட்டிக்குள் கொட்டுவது. குப்பை இப்போது பூட்டுப் போட்ட குப்பையாகிவிடும். பெட்டி பயன்பட வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

முதலில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். குறுக்குப் பெட்டியில் இரு முனையிலும் தனித்தனி மூடி இருக்கும் மாடல்கள் அதிகம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. எனவே வண்டியை ஓரம் கட்டினால் வலப்பக்க மூடி நடைபாதையை நோக்கியும், இடப்பக்க மூடி ஓடும் போக்குவரத்தை நோக்கியும் திறக்கும். தினமும் பத்துத் தடவை எடுக்கும் டிரில் மெஷின், இஞ்ச் டேப், பிளேயர், திருப்புளி எல்லாம் வலப்பக்கம் இருந்தால் ஆள் நடைபாதையில் நின்றே எடுக்கலாம். இடப்பக்கத்தில் அபூர்வமாகத் தேவைப்படும் சாமான்களுக்கு இடம் கொடுப்பது உயிருக்கு நல்லது.

அடுத்தது கைக்கு எட்டும் தூரம். வண்டியின் அகலம் சுமார் இரண்டு மீட்டர். எந்தப் பக்கம் நின்று கை நீட்டினாலும் பெட்டியின் நடுப்பகுதி எட்டாது. அங்கே சிறிய சாமான் போனால் அதைத் தொட்டிக்குள் ஏறித்தான் எடுக்க வேண்டும். அதனால் அனுபவப்பட்டவர்கள் நடுப்பகுதியை நீளமான பொருட்களுக்கு ஒதுக்குவார்கள். நான்கடி ரசமட்டம், கடப்பாரை, பெரிய பைப் ரெஞ்ச் எல்லாம் அங்கே நீளவாக்கில் படுத்திருக்கும். ஒரு முனை எப்போதும் கைக்கு எட்டும், பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

அதன்பின் உயரம். பெட்டியின் மேல் விளிம்பில் நகரும் தட்டு ஒன்று வைப்பார்கள். அதில் பென்சில், டெஸ்டர், டெஃப்லான் டேப், கத்தி போன்றவை. நடுவில் மின்கருவிகள். அடியில் கனமானவை. தரையில் ரப்பர் விரிப்பு போட்டால் ஓட்டத்தில் சாமான் நகராது, கடகடவென்ற சத்தமும் அடங்கும்.

அமெரிக்கத் தொழிலாளிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பழைய டிராக்டர், குழாய் இணைப்பு, வீட்டுச் சாமான்கள் அங்குல அளவில் இருக்கும். புதிய வண்டிகளும் இறக்குமதி இயந்திரங்களும் மில்லிமீட்டரில் இருக்கும். ஆக, ஒவ்வொருவரும் இரண்டு செட் ஸ்பேனர், இரண்டு செட் சாக்கெட் வைத்திருந்தாக வேண்டும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. அதனால் 19 மி.மீ. போல்ட்டில் அந்த ஸ்பேனர் பொருந்திவிடும். ஆனால் 12 மி.மீ. போல்ட்டில் அரை அங்குல ஸ்பேனரை மாட்டினால் 0.7 மி.மீ. ஆட்டம் இருக்கும். பலமாகத் திருகினால் போல்ட்டின் மூலைகள் மழுங்கிவிடும். ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகும். இரண்டு செட்டையும் வெவ்வேறு ஓரத்தில் வைத்து, ஒன்றுக்குச் சிவப்பு டேப், இன்னொன்றுக்கு நீல டேப் சுற்றி வைப்பவர்கள் இந்தப் பாட்டைப் படுவதில்லை.

ஆனால் வகை வாரியாக அடுக்குவதில் ஓர் எல்லை இருக்கிறது. பிளேயர் எல்லாம் ஓரிடம், ரெஞ்ச் எல்லாம் ஓரிடம் என்று அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஒரு பிளம்பர் குழாய்முனை மாற்றப் போகும்போதோ ஆறு இடத்தில் கைவிட வேண்டியிருக்கும். அதற்கு மாற்று, வேலை வாரியாகப் பைகள் கட்டுவது. குழாய்முனை மாற்றும் பையில் வாஷ்பேசினுக்கு அடியில் நுழையும் நீளக் கைப்பிடி ரெஞ்ச், வளையும் குழாய்கள், டெஃப்லான் டேப், ஒரு பழைய துண்டு. கழிப்பறைப் பையில் ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் மூடி, போல்ட்டுகள், அமெரிக்கக் கழிப்பறைகளின் அடியில் வைக்கும் மெழுகு வளையம். எலக்ட்ரீஷியனின் பையில் மல்டிமீட்டரும் ஒயர் உரிக்கும் கட்டரும் இணைப்பு மூடிகளும். அழைப்பு வந்ததும் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம்.

இந்த எண்ணத்தைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவை ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் பெட்டிகள். ஜெர்மனியின் டானோஸ் நிறுவனம் 1993ல் சிஸ்டெய்னர் பெட்டியைக் கொண்டுவந்தது. 2017ல் மில்வாக்கி நிறுவனத்தின் பேக்அவுட் வந்தபின் அமெரிக்கக் கட்டுமானத் தளங்களில் இவை எங்கும் தென்படுகின்றன. அடியில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி, அதன் மேல் நடுத்தரம், அதன் மேல் போல்ட், நட், வாஷர் பிரித்து வைத்த கண்ணறைப் பெட்டி. வண்டியில் பூட்டி நிற்கும் அடுக்கைக் கழற்றி அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம்.

இல்லாததைக் காட்டும் பெட்டி

அடுக்குவதன் பயனாக எல்லோரும் சொல்வது, தேடியது சீக்கிரம் கிடைக்கும் என்பது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. நன்றாக அடுக்கிய பெட்டி, அதில் இல்லாத பொருளைக் காட்டிக் கொடுக்கும்.

விமானப் பராமரிப்புக் கூடங்கள் இதை உயிர் காக்கும் விதியாகவே வைத்திருக்கின்றன. ஜெட் எஞ்சினின் காற்று நுழையும் வாயில் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்தால் எஞ்சினே நாசமாகும், உயிரும் போகும். அதனால் அமெரிக்க விமானப்படையிலும் கடற்படையிலும் ஒவ்வொரு கருவிக்கும் எண் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபோமில் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி உண்டு. மேல் ஃபோம் கறுப்பு, அடி ஃபோம் மஞ்சள் அல்லது சிவப்பு. கருவியை எடுத்த மறுகணம் அந்த இடம் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். வேலை முடிந்து தட்டைப் பார்க்கும்போது மஞ்சள் தெரிந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது.

இதே எண்ணம் டொயோட்டா போன்ற ஜப்பானிய ஆலைகளில், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 'ஃபைவ் எஸ்' முறையின் அங்கமாக வளர்ந்தது. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கும் இது பழக்கமானதுதான். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியின் நிழல் உருவமும் வரைந்திருக்கும். வெறும் நிழல் தெரிந்தால் கருவி வெளியே இருக்கிறது என்று பொருள்.

பிக்கப் பெட்டிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. சாக்கெட்டுகளை வரிசையாகக் குத்தி வைக்கும் ஒரு ரயில் போதும். 8, 9, அடுத்து ஓர் இடைவெளி, பிறகு 11. அந்த இடைவெளி வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே கண்ணில் பட்டால் இரண்டு அடி நடந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மறுநாள் காலையில் தெரியவந்தால் புதிது வாங்க வேண்டும். பையில் போட்டு உருட்டிய சாக்கெட்டுகளோ குறைந்தது எது என்று ஒருபோதும் சொல்லாது. 10 மி.மீ. சாக்கெட் தொலையும் புலம்பலுக்கு மருந்து இந்த ரயில்தான்.

எடைக்கு எங்கே இடம்

அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைச்சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். தொட்டி காலியாகத் தெரிகிறது என்பதற்காக அந்தக் கணக்கு மாறாது.

ஒரு வண்டியின் ஸ்டிக்கரில் 750 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆட்கள் 160 கிலோ. அலுமினியப் பெட்டி 40 கிலோ. உள்ளே கருவிகள் 150 கிலோ. மிச்சம் 400 கிலோ. அங்கே கடைகளில் கிடைக்கும் 80 பவுண்டு, அதாவது 36 கிலோ கான்கிரீட் கலவை மூட்டையில் பதினொன்றை ஏற்றியதும் கணக்கு முடிந்தது. கருவிகளோ எப்போதும் வண்டியிலேயே இருப்பவை என்பதால் அவற்றின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.7 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் 150 கிலோ வைத்தால், அதில் சுமார் 25 கிலோவை முன் சக்கரங்கள் ஏற்றுக்கொள்ளும். அதே 150 கிலோவைப் பின்கதவருகே, அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், முன் சக்கரங்களின் மேல் இருந்த பாரத்தில் சுமார் 37 கிலோ குறைந்துவிடும். திருப்பும் சக்கரங்களும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்கும் சக்கரங்களும் அவைதான். குறுக்குப் பெட்டி கேபினை ஒட்டி நிற்பதன் நியாயம் இதுவே. பக்கவாட்டிலும் இதே கவனம் வேண்டும். கனமானவை எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தே ஓடும், டயரும் ஏறுமாறாகத் தேயும்.

பெட்ரோலும் செலவாகும். கூடுதலாக 100 பவுண்டு, அதாவது 45 கிலோ சுமந்தால் மைலேஜ் ஒரு சதவீதம் வரை குறையலாம் என்பது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்லும் கணக்கு.

சாலையில் விழுந்தால்

பெட்டிக்குள் போகாத கருவி சொந்தக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ அமைப்பின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில், சாலையில் கிடந்த பொருட்களால் அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. சுமார் 500 பேர் இறந்தார்கள், 39,000 பேர் காயமடைந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விபத்துக்குக் காரணம் வண்டிகளிலிருந்து கழன்றோ நழுவியோ விழுந்தவை. வாஷிங்டன் மாநிலம் 2005லேயே, சரக்கைச் சரியாகக் கட்டாமல் யாருக்காவது காயம் விளைவிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, சாலையில் கிடக்கும் பைப் ரெஞ்ச் மேல் மோதும் வேகமும், அந்த ரெஞ்ச் பதின்மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் வேகமும் ஒன்றே. பின்னால் வருபவரின் கண்ணாடியை அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பூட்டிய பெட்டி ஊரார் உயிரையும் காக்கிறது.

நீர், வெயில், குளிர்

மழை புகாத பெட்டியிலும் கருவிகள் துருப்பிடிக்கும். பகலில் சூடேறிய பெட்டிக்குள் ஈரக்காற்று இருக்கும். இரவில் உலோகம் குளிர்ந்ததும் அந்த ஈரம் ஸ்பேனர் மேல் முத்து முத்தாகப் படியும். காலையில் ஆவியாகிவிடுவதால் கண்ணில் படாது. சில மாதம் கழித்துத் துருவாகத் தெரியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், துருத் தடுக்கும் ஆவியை மெல்ல வெளியிடும் காகிதங்கள், வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தல் ஆகிய மூன்றும் நல்ல பலன் தரும். நனைந்த கயிற்றையும் ஈரக் கையுறையையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெயிலில் வெடித்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை எட்டியது அல்லது தாண்டியது. அங்கே வெயிலில் நின்ற உலோகப் பெட்டியின் உள்ளே அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருந்திருக்கும். டிரில் மெஷினின் லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் வேகமாக ஆயுள் இழக்கும், மெழுகு வளையம் இளகிப்போகும். மினசோட்டாவின் குளிரில் கதை வேறு. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். தண்ணீர் கலந்த பசையும் பூச்சும் உறைந்து வீணாகும். ஆகவே பேட்டரி, பசை, மல்டிமீட்டர் மூன்றையும் ஒரே கைப்பையில் வைத்து இரவில் வீட்டுக்குள் எடுத்துப்போவது அங்கே பலரின் வழக்கம். போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சை அதன் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வைப்பதும் இதனோடு சேர வேண்டிய பழக்கம். முறுக்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பிசகும்.

உள்ளே வைக்கக்கூடாதவை

அசிட்டிலீன் சிலிண்டரை மூடிய பெட்டியில் வைக்கவே கூடாது. காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் வாயு அது. சரியாக மூடாத வால்விலிருந்து இரவு முழுவதும் கசிந்தால், காலையில் பூட்டைத் திறக்கும் சிறு பொறியே வெடிக்கப் போதும். புரொப்பேன் சிலிண்டருக்கும் இதே விதி. காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி, சங்கிலி கட்டித்தான் ஏற்ற வேண்டும்.

பெட்ரோல் கேனும் பெட்டிக்குள் வேண்டாம். கேனைத் தொட்டியில் வைத்தபடியே பங்க்கில் நிரப்பவும் கூடாது. தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் போய்ப் பொறி பறக்கும். இப்படித் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகே, கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே பரவலானது.

திருட்டைப் பொறுத்தவரை பூட்டு என்பது தாமதப்படுத்தும் சாதனம் மட்டுமே. மூடித் திறக்கும் கைப்பிடியைக் கடப்பாரையால் நெம்புவதுதான் வழக்கமான வழி. வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது, வெளிச்சத்தில் நிறுத்துவது, ஒவ்வொரு கருவியிலும் அடையாளம் பொறிப்பது, சீரியல் எண்களைப் படமெடுத்து வைப்பது எல்லாம் உதவும். வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸில் உள்ளிருக்கும் கருவிகள் பெரும்பாலும் சேராது. அவற்றுக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்கலாம். வாசலில் தார்ப்பாய் விரித்து, தொட்டியில் இருப்பதை எல்லாம் இறக்கி, மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். தினமும் எடுப்பவை ஒன்று, வாரம் ஒருமுறை எடுப்பவை இரண்டு, கடைசியாக எடுத்தது எப்போது என்றே தெரியாதவை மூன்று. மூன்றாம் குவியல் கராஜுக்குப் போகட்டும். மீதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நீளம், அகலம், உயரத்தை இஞ்ச் டேப்பால் எடுத்துக்கொள்ள வேண்டும். எடை போடும் மெஷின் இருந்தால் கிலோவும் தெரிந்துவிடும்.

அடுத்து வண்டியின் அளவு. தொட்டிச் சுவர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை, தரையிலிருந்து சுவர் மேல்மட்டம் வரை என்று மூன்று அளவு எடுக்க வேண்டும். தொட்டிக்கு மூடி விரிப்பு இருந்தால், அதற்குக் கீழே நிற்கும் தாழ்ந்த பெட்டியே பொருந்தும். மூடி மேலே தூக்கும்போது கேபினின் பின்கண்ணாடியில் இடிக்காமல் இருக்குமா என்பதையும் கடையிலேயே வைத்துப் பார்க்கலாம். கையில் இந்த எண்களோடு போகிறவர், கடைக்காரர் காட்டும் மிகப் பெரிய பெட்டியைத் தாண்டி, தன் இரண்டு குவியலுக்கும் ஸ்டிக்கர் கணக்குக்கும் பொருந்தும் பெட்டியை வாங்கி வருவார்.